சீட்டில் உன் பெயர்

அன்புள்ள டேனி,

நேற்று மத்தியானம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்டிருந்த செய்தியைப் படித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நம் காக்ஸ் டவுன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம், கிறிஸ்துமஸ் பரிசு யார் யாருக்கு என்று எடுக்கும் சீட்டுகளை வழக்கம்போல் அப்பாவே எழுதி மடித்து வைத்துவிடட்டும் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் அபார்ட்மெண்டில் மூன்று குடும்பங்கள் அப்பாவின் யோசனையைப் பார்த்து இதேபோல் சீட்டு எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்து, பக்கத்தில் கைகூப்பும் படம் ஒன்றும் போட்டிருந்தாய். உன் மாமனார் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். உன் அக்கா ஷீபா இதயம் போட்டாள். நான் ‘சரி’ என்று தட்டினேன், அழித்தேன், மறுபடியும் தட்டினேன், மறுபடியும் அழித்தேன். இன்று காலை கடைக்குப் போய் நீளமான தாள்கள் வாங்கி வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். எனக்கும் அந்தச் சிரிப்பில் ஒட்டிக்கொண்டு தப்பித்துவிடலாம் போலிருக்கும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். போன இரண்டு வருடமும் உன் பெயர் எழுதிய சீட்டு என் கைக்கு வந்தது தற்செயல் இல்லை. நான் வரவைத்தேன். ஏன் என்றால், உன் மாமனார்மேல் எனக்குப் பொறாமை. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கிற அறுபத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத பொறாமை. போதகர் ஆலயத்தில் மனசின் அழுக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே என் கண் முன்னால் உன் மாமனாரின் வழுக்கைத் தலைதான் வந்து நிற்கும். இதை உன் அம்மாவிடம்கூட இன்று காலை வரைக்கும் நான் சொன்னதில்லை.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நல்ல மனிதர். சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்து வங்கியில் வேலை பார்த்து, மேனேஜராக ஓய்வு பெற்றவர். தன் மகள் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது கொஞ்சமும் முகம் சுளிக்காமல் நம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தவர். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பார். அவருக்குத் தீபாவளி இருக்கிறது, பொங்கல் இருக்கிறது. இரண்டுக்கும் மாப்பிள்ளைக்குச் செய்வது அவருடைய உரிமை, அதில் நான் வாய் திறக்க முடியாது. சரி, கிறிஸ்துமஸாவது எனக்கு என்று இருந்தேன். அதற்கும் பை நிறையப் பொருளோடு வந்து நின்றார். மூன்று பண்டிகை அவருக்கு, எனக்கு ஒன்று, அந்த ஒன்றிலும் பங்கு என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? உங்கள் ஹொரமாவு அபார்ட்மெண்ட் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அவரைப் பார்த்தால் சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிடுகிறான். நான் வந்தால், "யாவ ஃப்ளாட் சார்?" என்று கன்னடத்தில் கேட்டு நோட்டில் எழுத வைக்கிறான். நாலு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குக் கல்யாணமான முதல் கிறிஸ்துமஸை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாயோ தெரியாது. எனக்கு ஒவ்வொரு நிமிடமும் ஞாபகம் இருக்கிறது. நீ நடக்க ஆரம்பித்த வருடத்திலிருந்து நமக்கு ஒரு பழக்கம். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரே துணியில் எனக்கும் உனக்கும் சட்டைக்கு எடுத்து, மார்க்கெட் பக்கத்து டெய்லரிடம் கொடுத்துத் தைப்பேன். அப்பனும் மகனும் ஒரே சட்டையில் காலை ஆராதனைக்குப் போவோம். அந்த வருடமும் எடுத்தேன், இளநீலத்தில் மெல்லிய கோடு. உன்னைக் கூப்பிட்டு அளவு கொடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. டெய்லர் நோட்டில் இருந்த பழைய அளவே போதும் என்று சொல்லிவிட்டேன். கல்யாணச் சாப்பாட்டில் உனக்கு வயிறு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது அப்பனுக்குத் தெரியவில்லை. நீ அதைப் போட்டுக்கொண்டு வந்தாய், நடுப் பித்தான் இழுத்துக்கொண்டு நின்றது. "நல்லா இருக்குப்பா" என்று சொன்னாய். அதற்குள் உன் மாமனார் ஒரு சின்னப் பெட்டியை உன் கையில் கொடுத்தார். உள்ளே கைக்கடிகாரம். நாடி பார்க்கிறதாம், எத்தனை அடி நடந்தாய் என்று சொல்கிறதாம், தூங்கினாயா என்றுகூடக் கேட்கிறதாம். நீ அங்கேயே கட்டிக்கொண்டாய். ஆலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த சட்டையின் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாய். அன்றைய பிரசங்கம் என்ன என்று கேட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது.

இந்தக் குணம் எனக்குப் புதிதில்லை. நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது உன் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து, ரிமோட்டில் ஓடும் சிவப்புக் கார் ஒன்று கொடுத்தான். நீ அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாய். பாத்ரூமுக்குப் போனால் வாசலில் நிறுத்திவிட்டுப் போனாய். அந்த வருடம் நான் உனக்கு வாங்கியிருந்த கேரம் போர்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பத்து நாளில் காருக்கு பேட்டரி தீர்ந்தது. நீ தினமும் சாயங்காலம் நான் ஃபேக்டரியிலிருந்து வரும்போது கேட்டில் நின்று கேட்பாய். அந்த மாதிரி பேட்டரி பெங்களூரிலேயே கிடைக்கவில்லை, மஸ்கட்டில்தான் கிடைக்கும் என்று சொன்னேன். நம் தெரு முனைக் கடையில் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்த பேட்டரிதான் அது. நீ நம்பினாய். ஒரு மாதத்தில் காரை மறந்துவிட்டு என்னோடு கேரம் ஆட உட்கார்ந்தாய். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அப்பா சொன்னால் நம்புகிற பிள்ளையிடம் பொய் சொல்லி வாங்கிய வெற்றி அது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

கல்யாணமான இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு நான் முன்கூட்டியே தயாரானேன். ஏட்டிக்குப் போட்டி என்பார்களே, அதுதான். எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற மெஷின் ஒன்றைப் பெரிய பெட்டியில் வாங்கி, சிவப்புத் தாள் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உன் மாமனார் காப்பி மெஷின் வாங்கி வந்திருந்தார். அடுத்த மாதம் நானும் அம்மாவும் உங்கள் வீட்டுக்கு வந்தபோது மருமகள் நிவேதா ஹாலில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையலறை மேடையில் பலகை வைக்க இடம் இல்லை. அவள் அப்பா அம்மா தீபாவளிக்குக் கொடுத்தது, பொங்கலுக்குக் கொடுத்தது, ஷீபா கொடுத்தது, உன் ஆபீஸ் நண்பர்கள் கொடுத்தது என்று மெஷினாக அடுக்கியிருந்தது. அவள் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள்: "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே எங்களுக்கு ஒண்ணும் வாங்காதீங்க. வெக்க இடம் இல்ல." நியாயமான பேச்சு. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதைப் பார்த்துத் தலை குனிந்திருப்பார்கள். நான் பார்த்தது என்ன தெரியுமா? காப்பி மெஷின் மேடையின் நடுவில் இருந்தது. என் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அந்த வருடம் முழுக்க இதையே மென்றுகொண்டிருந்தேன். ஆலயத்தில் வாலிபப் பிள்ளைகள் சீட்டு எடுத்து, பெயர் வந்தவருக்கு மட்டும் பரிசு கொடுக்கும் விளையாட்டைப் பார்த்தபோதுதான் பளிச்சென்று தோன்றியது. டிசம்பர் முதல் ஞாயிறு சாப்பாட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்று பேசினேன். பண்டிகை என்பது கடையைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைப்பது இல்லை என்றேன். பிள்ளைகள் வீட்டில் நடக்க இடம் இல்லை என்றேன். நாம் எட்டுப் பேர், எட்டுப் பெயரையும் எழுதிக் குலுக்குவோம், ஒருவர் ஒருவருக்கு மட்டும் கொடுப்போம் என்றேன். நிவேதாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஷீபாவின் கணவர் கை தட்டினார். உன் மாமனார் இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்து, "சம்பந்தி, இப்படி யோசிக்கறதுக்கு ஒரு பெரிய மனசு வேணும்" என்றார். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு அதைவிடத் தித்திப்பான வார்த்தை கிடைக்குமா? நானும் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டேன். அவர் கொடுக்கிற கையைக் கட்டிப் போடத்தான் இத்தனை பேச்சு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அதோடும் விடவில்லை. சீட்டில் வேறு பெயர் வந்தாலும் மனிதர் சும்மா இருக்கமாட்டார், ‘மாப்பிள்ளைக்குச் சும்மா ஒரு சின்னப் பொருள்’ என்று எதையாவது கொண்டுவந்து நீட்டுவார் என்று எனக்குச் சந்தேகம். அதனால் சட்டத்தை இறுக்கினேன். பெயர் வந்தவரைத் தவிர வேறு யாருக்கும் யாரும் ஒன்றும் தரக்கூடாது, பெரிதும் கூடாது, சிறிதும் கூடாது என்றேன். அப்போது உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "வீட்டுக்குள்ள நாம குடுத்துக்கறதுமா?" என்று கேட்டாள். நான் யோசிக்கக்கூட இல்லை. சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

சீட்டில் நான் செய்த வேலையையும் சொல்கிறேன். முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஒரு நூல் அளவு மேடு இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லிவிடுவேன். பழைய காலண்டர் தாளைக் கிழித்து எட்டுச் சீட்டு எழுதினேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்தேன். உன் பெயர் எழுதிய சீட்டின் மடிப்பில் மட்டும் கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினேன். எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் குலுக்கி, வயதில் மூத்தவர் முதலில் எடுக்கட்டும் என்று சொல்லி நானே முதலில் கையை நீட்டினேன். உன் மாமனார் என்னைவிட நாலு மாதம் மூத்தவர். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சம்படத்தை என் பக்கம் தள்ளிவைத்தார். இரண்டாவது வருடமும் இதே காலண்டர் தாள், இதே நகம்.

சரி, தில்லுமுல்லு செய்து வாங்கிய உரிமையில் நான் உனக்குக் கொடுத்தது என்ன? முதல் வருடம் ஸ்பானர், திருப்புளி, டிரில் எல்லாம் அடங்கிய ஒரு கருவிப் பெட்டி. என் கைப்பழக்கம் உன் கைக்கும் வரட்டும் என்று நினைத்தேன். உன் வீட்டுக் குழாய் ஒழுகினால் நீ போனில் ஆளை வரவழைக்கிறாய், பெட்டி பரணில் இருக்கிறது. இரண்டாவது வருடம் சக்கரம் வைத்த பயணப் பெட்டி. உனக்கு ஏற்கெனவே அப்படி இரண்டு இருந்தது எனக்குத் தெரியாது. ஒன்றுக்கும் நீ முகம் சுளிக்கவில்லை, அது உன் பெருந்தன்மை. ஆனால் அதே முதல் வருடம் உன் மாமனாருக்கு யார் பெயர் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா பெயர். மனிதர் உனக்குப் போன் பண்ணி, அம்மாவுக்கு எது சிரமம் என்று கேட்டிருக்கிறார். ஊசியில் நூல் கோக்க ஆளைத் தேடுவாள் என்று நீ சொல்லியிருக்கிறாய். தையல் மெஷினில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன விளக்கு வாங்கிக் கொடுத்தார். அன்று முழுக்க அவள் அந்த விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருடம் அவளோடு வாழ்கிறவன் நான். அவளுக்குக் கண் மங்குகிறது என்று சம்பந்தி வீட்டு ஆள் வந்து சொல்லவேண்டியதாகிவிட்டது. அதற்கும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது, என்மேல் வரவில்லை.

இனி நேற்றுக்கு வருகிறேன். உன் செய்தியைப் படித்துவிட்டு, சரி, மூன்றாவது வருடமும் நடத்திவிடுவோம் என்றுதான் எழுந்தேன். உன்னிடம் மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? சீட்டுக்குப் பழைய காலண்டர் தேடி, உன் அம்மாவின் பீரோவில் கீழ்த்தட்டைத் திறந்தேன். புடவைகளுக்குப் பின்னால் சிவாஜிநகர் கடை கவர் ஒன்று இருந்தது. உள்ளே நாலு லுங்கி. புதுசு, ஆனால் கடையில் வாங்கிய விறைப்பு இல்லை. நாலையும் மூட்டியிருந்தாள். கஞ்சி போக அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, இரண்டு இரண்டாக மடித்து, நடுவில் ஒரு செய்தித்தாள் வைத்திருந்தாள்.

நீ காலேஜில் சேர்ந்து லுங்கி கட்டத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் உனக்கு இரண்டு லுங்கி தருவாள். நான் சட்டையைத் தாளில் சுற்றி எல்லோர் எதிரிலும் கொடுப்பேன். அவள் சமையலறைப் பக்கம் உன்னைக் கூப்பிட்டுக் கையில் திணிப்பாள். அதை நான் பரிசு என்று நினைத்ததே இல்லை. வீட்டுக்கு உப்பு வாங்குகிற மாதிரி ஒரு காரியம் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக அது நின்றுபோனதுகூட என் கண்ணில் படவில்லை. கவரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இது யாருக்கு என்று கேட்டேன்.

"டேனிக்குத்தான்."

"பின்ன ஏன் உள்ளயே வெச்சிருக்க?"

"பேரு வரலியே" என்றாள். "மொதல் வருஷம் ஷீபா வீட்டுக்காரர் பேரு வந்துது. போன வருஷம் நிவேதா அம்மா பேரு. வரும்போது சேத்துக் குடுத்துடலாம்னு வெச்சிருக்கேன். எட்டுப் பேர்தானே, ஒரு வருஷம் எனக்கு வராமலா போயிடும்?"

மாவிலிருந்து கையை எடுக்காமல், எந்தக் குறையும் இல்லாத குரலில் சொன்னாள். லுங்கி எல்லாம் ஒரு பரிசா, அதைக் கொடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஏதோ உளறினேன். "நீங்கதானே சட்டம்னீங்க. வீட்லயே நாம மீறினா நல்லா இருக்குமா?" என்றாள். டேனி, சட்டம் போட்டவன் நகத்தால் கீறிச் சீட்டைத் திருடிக்கொண்டிருந்தபோது, அந்தச் சட்டத்தை இந்த வீட்டில் ஒழுங்காகக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். எத்தனை வருடம் காத்திருந்தாலும் உன் பெயர் அவளுக்கு வந்திருக்காது. அது சம்படத்தில் இருந்தால்தானே வரும்? உன் மாமனாரை மடக்க நான் வைத்த வலையில் உன் அம்மா விழுந்து, விழுந்தது தெரியாமல் இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தது ஞாபகத்துக்கு வந்தது. நீ கதவைத் திறந்தபோது கட்டியிருந்த லுங்கி ஓரத்தில் நைந்து, விரல் போகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. இவ்வளவு சம்பளம் வாங்குகிறவன் கட்டுகிற லுங்கியைப் பார் என்று கிண்டல் செய்தேன். "கடையில வாங்கிக் குடுத்தா வேண்டாங்கறாரு மாமா, மொடமொடன்னு இருக்காம்" என்று நிவேதா சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே அந்த மெஷின் காப்பியைக் குடித்தேன். நீயும் சிரித்தாய். அம்மா ஏன் தருவதில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அப்பாவின் சட்டம் என்று நீயும் நினைத்திருப்பாய். நீங்கள் இரண்டு பேரும் என் வார்த்தையை நம்பிக்கொண்டு, அவள் இங்கே மூட்டி மடித்து வைப்பதும், நீ அங்கே கிழிந்ததைக் கட்டிக்கொண்டு திரிவதுமாக இருந்திருக்கிறீர்கள்.

நேற்று சாயங்காலம் என் குறுக்குப் புத்திக்கு இன்னொரு யோசனையும் வந்தது. இந்த முறை உன் பெயர் அம்மாவுக்கு வருகிற மாதிரி செய்துவிட்டால் என்ன? ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கும் சந்தோஷம், நானும் வாய் திறக்கவேண்டாம். கொஞ்ச நேரம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகு அவள் அந்தச் சீட்டைப் பிரித்து, கர்த்தர் கொடுத்தார் என்று சந்தோஷப்படுவதை நினைத்துப் பார்த்தேன். அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்று காலை காப்பி குடித்ததும் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நகம், மடிப்பு, உன் மாமனார், பேட்டரி எல்லாம்.

அவள் கத்தவில்லை. "ரெண்டு வருஷமும் அவன் பேரு உங்க கையிலயேதான் இருந்துதா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கும் நிவேதாவின் அம்மாவைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும் என்று அப்போது சொன்னாள். உனக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் தெரிகிறது என்பதில் அவளுக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் அந்தம்மா பெயர் வந்தபோது, தனக்கென்று எடுத்து வைத்திருந்த மைசூர் பட்டுப் புடவையையே கொடுத்தாளாம், பொறாமை தெரிந்துவிடக் கூடாது என்று. நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்தக் கவரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"இத நான் குடுக்கமாட்டேன். நிறுத்தினவங்க யாரோ அவங்களே கொண்டுபோய்க் குடுக்கட்டும். அம்மா குடுத்தாங்கன்னு வாயத் திறந்து சொல்லணும்" என்றாள்.

இதிலிருந்து உனக்கு ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். சீட்டு எடுப்பதை நிறுத்தாதே. யோசனை வந்த வழி அழுக்கு, ஆனால் யோசனை நல்லது. நிவேதா மேடையில் வைத்துக் காய் நறுக்கட்டும், உங்கள் கட்டிலுக்கு அடியில் பெருக்க இடம் இருக்கட்டும். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அவனுக்குப் பத்துப் பேர் பத்துப் பொம்மை வாங்கி வருவதற்கு நீயும் ஒரு வரம்பு போடுவாய், போடவேண்டியதுதான். போடும்போது ஒரு நிமிடம் உன்னையே கேட்டுக்கொள்: இது வீட்டில் இடம் இல்லாததற்காகவா, இல்லை, என் மனசில் இடம் இல்லாததற்காகவா? கடையில் வாங்குகிற பொருளுக்குத்தான் சட்டம் வேண்டும். சமையலறைப் பக்கம் கூப்பிட்டுக் கையில் திணிக்கிறதற்கு யாரும் சட்டம் போடக்கூடாது. அதைச் சட்டத்தில் எழுதிக்கொள். சீட்டுகளை இந்த வருடம் நிவேதா எழுதட்டும், அவளே மடிக்கட்டும். முதலில் உன் மாமனார் எடுக்கட்டும், நாலு மாதம் மூத்தவர் அவர்தான். உன் பெயர் அவருக்கே வந்தால் எனக்கு எரியும். எரியட்டும், அது என் பாடு. அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் காட்டு. நானே சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

நாளைக் காலை பஸ் பிடித்து உன் வீட்டுக்கு வருகிறேன். செக்யூரிட்டி நோட்டில் எழுதிவிட்டு மேலே வந்து, முதலில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை சோபாவில் உட்கார்ந்திருப்பேன். அதன் பிறகு கவரைக் கொடுத்து, அம்மா கொடுத்தாள் என்று சொல்வேன். நீ ஒரு லுங்கியை உதறி, முகத்தில் வைத்து ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாய். சின்ன வயதிலிருந்து அவள் துவைத்துக் கொடுக்கிற எதையும் நீ அப்படித்தான் வாங்குவாய். நான் கொடுத்த சட்டையையோ, கருவிப் பெட்டியையோ, சக்கரப் பெட்டியையோ நீ ஒருநாளும் அப்படி வாங்கியதில்லை. இத்தனை வருடம் உன் மாமனாரைப் பார்த்து எரிந்தது வீண் என்றும், யாரைப் பார்த்து எரிந்திருக்கவேண்டுமோ அந்த ஆள் என் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தாள் என்றும் எனக்கு நேற்றுதான் புரிந்தது. அதனால் நாளைக்கு அந்த ஒரு நிமிடம் மட்டும் என் பக்கம் திரும்பாதே, டேனி. முகத்தைச் சரிசெய்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் கொடு.

உன் அப்பா